சூடே ஏறாத வண்டி

கும்பகோணத்தில் புகைச் சோதனை நிலையத்துப் பையன் நீட்டிய சீட்டில் கார்பன் மோனாக்சைடு 2.8 சதவீதம் என்று அச்சாகியிருந்தது. எங்கள் காரின் வகைக்கு அது 0.5-ஐத் தாண்டக் கூடாது. அவன் குழாயை வெளியே எடுத்துத் துடைத்து மறுபடியும் செருகிப் பார்த்தான். இரண்டாம் முறை 2.9 வந்தது. 'பெட்ரோல் நிறையப் போவுது சார், டியூனிங் பண்ணிட்டு வாங்க' என்றான். 2023-ஆம் ஆண்டு மார்கழியின் முதல் வாரம் அது. வண்டியின் பதிவை அடுத்த ஜூன் மாதத்துக்குள் மறுபடியும் புதுப்பித்தாக வேண்டும் என்ற கவலை எனக்கு அப்போதே இருந்தது. ஆனால் அந்தச் சீட்டு என்னைத் தொந்தரவு செய்ததற்குப் பதிவு மட்டும் காரணமில்லை. அந்தப் பையன் சொன்ன அதே வாக்கியத்தை இரண்டு ஆண்டுகளில் நான்கு பேர் என்னிடம் சொல்லியிருந்தார்கள். நான்கு பேரும் சொன்னது சரி. நால்வரில் ஒருவராலும், என்னாலும், அந்தப் பெட்ரோல் ஏன் மிகுதியாகப் போகிறது என்று சொல்ல முடியவில்லை.

வண்டி 2004-இல் நான் சென்னையில் வேலை பார்த்தபோது வாங்கியது. 2008-இல் வேறு ஊருக்கு மாறியபோது வலங்கைமான் பக்கத்திலுள்ள எங்கள் கிராமத்துக்குக் கொண்டுவந்து அப்பாவிடம் விட்டேன். அன்றிலிருந்து அது கிராமத்து வண்டியாகிவிட்டது. கும்பகோணம் 10 கிலோமீட்டர், உரக்கடை அதைவிடக் கிட்டே, மாதத்துக்கு ஒருமுறை தஞ்சாவூர் மருத்துவர். சென்னையில் லிட்டருக்கு 16 கிலோமீட்டர் கொடுத்தது 11-க்கு இறங்கியிருந்தது. பிளக்குகளைக் கழற்றினால் வறண்ட கரி, விளக்குத் திரியில் படிவதுபோல மெத்தென்று படிந்திருக்கும். காலையில் கொட்டகையிலிருந்து வண்டியை எடுக்கும்போது பின்னால் நிற்பவருக்குக் கண் எரியும். அம்மா துளசி மாடத்துக்கு விளக்கேற்றும் நேரத்தில் வண்டியைக் கிளப்பாதே என்று சொல்லத் தொடங்கி வெகுநாளாயிற்று. நான் ஊருக்குத் திரும்பி வந்த பிறகு பிளக்குகளை இருமுறை மாற்றினேன். காற்று வடிகட்டியை மாற்றினேன். என்ஜினுக்குள் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களைக் கழற்றிச் சுத்தம் செய்து கொடுத்தார்கள். கடைசியில் சைலன்சர் குழாயில் இருந்து புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சாரையும், அதன் விலையைக் கேட்டு ஒரு வாரம் யோசித்த பிறகு, மாற்றினேன். ஒவ்வொன்றுக்குப் பிறகும் சில நாள் நன்றாக இருப்பதுபோல் தோன்றும். அடுத்த மாதம் பிளக்கைக் கழற்றினால் அதே கரி.

பெட்ரோல் எங்கிருந்து மிகுகிறது

கார்புரேட்டர் காலத்து வண்டியாக இருந்திருந்தால் சந்தேகப்பட வேண்டிய இடங்கள் குறைவு. சோக் முழுதாகத் திரும்பாமல் நிற்கும், மிதவையின் ஊசி தேய்ந்து கிண்ணத்தில் பெட்ரோல் மட்டம் ஏறியிருக்கும், ஜெட்டின் துளை பெரிதாகியிருக்கும். கையில் ஒரு திருப்புளி இருந்தால் பாதி வேலை முடிந்தது. எங்கள் வண்டியில் அளந்து ஊற்றும் வேலையைக் கணினிதான் செய்கிறது. பெட்ரோல் ஒரு பங்குக்குக் காற்று 14.7 பங்கு, எடைக் கணக்கில் இருந்தால் இரண்டும் மிச்சமில்லாமல் எரியும். அந்தக் கணக்கை எல்லா நேரத்திலும் கணினி கடைப்பிடிப்பதில்லை. குளிர்ந்த என்ஜினில் பெட்ரோல் முழுதாக ஆவியாகாமல் உள்சுவர்களில் நனைந்து ஒட்டிக்கொள்ளும் என்பதால், என்ஜின் சூடாகும்வரை அது வேண்டுமென்றே கூடுதலாக ஊற்றும். அந்த நேரத்தில் ஆக்சிஜன் சென்சார் சொல்லும் பதிலையும் அது பொருட்படுத்தாது. சூடான பிறகுதான் சென்சாரின் பேச்சைக் கேட்டுக் கூட்டிக் குறைக்கத் தொடங்கும்.

இதை நான் படித்துத் தெரிந்து வைத்திருந்தேன். ஆனாலும் இரண்டு ஆண்டுகளாக நான் தேடியதெல்லாம் பெட்ரோலை மிகுதியாக ஊற்றும் குற்றவாளியை. ஒழுகும் இன்ஜெக்டர் இருக்கலாம். பெட்ரோலின் அழுத்தத்தைச் சீராக வைக்கும் பிரஷர் ரெகுலேட்டரின் உள்சவ்வு கிழிந்து, அதன் வெற்றிடக் குழாய் வழியாகப் பெட்ரோல் நேராக உறிஞ்சப்படலாம். அந்தக் குழாயைக் கழற்றி முகர்ந்து பார்த்தேன், வாடை இல்லை. காற்றழுத்த சென்சாருக்குப் போகும் ரப்பர் குழாயில் வெடிப்பு இருந்தால் கணினி என்ஜினின் சுமையைத் தவறாகக் கணக்கிடும். அந்தக் குழாயையும் மாற்றினேன். ஊற்றும் கை தவறு செய்யவில்லை, அதற்குக் கிடைத்த கட்டளையே அப்படி இருக்கலாம் என்று எனக்குத் தோன்றவில்லை.

தோன்றாமல் போனதற்கு அப்பாவின் பெருமிதமும் ஒரு காரணம் என்று இன்று நினைக்கிறேன். வண்டியைப் பற்றி யாரேனும் கேட்டால் அவர் மூன்று விஷயங்களைச் சொல்வார். முதலாவது, இந்த வண்டிக்குச் சூடே ஏறாது. சூடு காட்டும் மீட்டரின் முள் கீழ்க் கோட்டை விட்டு எழுந்திருக்காது. இரண்டாவது, ஆயில் குறைந்ததாக வரலாறே இல்லை. எப்போது குச்சியை எடுத்துப் பார்த்தாலும் மேல் கோட்டில் நிற்கும். மூன்றாவது, என்ஜின் தண்ணீரை ஆறவைக்கும் ரேடியேட்டரின் பேன் ஓடி அவர் கேட்டதில்லை. மற்றவர்களின் வண்டிகள் இரைந்துகொண்டு நிற்கும்போது இது அமைதியாக நிற்கும். கேட்பவர்கள் தலையாட்டுவார்கள். நானும் பல ஆண்டுகள் தலையாட்டியிருக்கிறேன். அவர் பொய் சொல்லவில்லை; முள், குச்சி, பேன் மூன்றும் அவர் சொன்னபடியேதான் இருந்தன.

சுடுதண்ணீரில் ஒரு சோதனை

புகைச் சீட்டு வந்த அன்று இரவு, ஆயில் குச்சியை எடுத்துத் துடைத்துப் பார்த்தேன். ஆயில் மேல் கோட்டுக்கு ஒரு விரற்கடை மேலே நின்றது. மூன்று மாதத்துக்கு முன் ஆயில் மாற்றியபோது சரியாக மேல் கோட்டுக்குத்தான் ஊற்றியிருந்தார்கள். குச்சியை மூக்கருகில் கொண்டுபோனபோது பெட்ரோல் வாடை அடித்தது. எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரைக் கழுவிக்கொண்டு பிஸ்டன் வளையங்களின் வழியாகக் கீழே இறங்கி ஆயிலோடு கலந்திருக்கிறது. எல்லா என்ஜினிலும் கொஞ்சம் இப்படி இறங்கும். ஆயில் நன்றாகச் சூடேறும்போது அது ஆவியாகிப் போய்விடும். எங்கள் வண்டியில் அது போகவில்லை. ஆயில் குறையாத வண்டி என்று நாங்கள் கொண்டாடியது பெட்ரோல் ஏறிக்கொண்டிருந்த வண்டியை. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நீர்த்துப்போன ஆயிலில் எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்று மனம் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தது.

மறுநாள் என் சந்தேகம் முழுவதும் தண்ணீரின் சூட்டை அளக்கும் சென்சார் மேல் திரும்பியது. அது ஒரு சிறிய பித்தளைத் திருகு; உள்ளே இருக்கும் பொருளின் மின்தடை, சூடு ஏற ஏறக் குறையும். அது பழுதாகி, என்ஜின் கொதித்துக்கொண்டிருக்கும்போதும் குளிர்ந்திருக்கிறது என்று கணினிக்குச் சொன்னால், கணினி விடாமல் பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே இருக்கும். எல்லா அறிகுறியும் பொருந்தியது. மகிழ்ச்சியோடு அதைக் கழற்றி அடுப்பங்கரைக்கு எடுத்துப் போனேன். ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, அம்மா காய்ச்சல் பார்க்க வைத்திருக்கும் கருவி போதாது என்பதால் ஆய்வகத் தெர்மாமீட்டர் ஒன்றைப் பள்ளிக்கூட நண்பரிடம் இரவல் வாங்கி, மல்டிமீட்டரின் இரு முனைகளையும் சென்சாரில் கவ்வ வைத்துச் சூடாக்கினேன். 30 பாகையில் 1,700 ஓம். 50-இல் 830. 80-இல் 320. இத்தகைய சென்சாருக்குரிய அட்டவணையில் இருக்கும் எண்களுக்கு மிக அருகில் அவை வந்துகொண்டே இருந்தன. அது பழுதாகவில்லை.

இந்த இடத்தில்தான் நான் வழக்கமாகத் தோற்பேன். ஒரு பொருள் குற்றமற்றது என்று தெரிந்ததும் அதைத் திருப்பி மாட்டிவிட்டு அடுத்த சந்தேகத்துக்குப் போய்விடுவேன். அன்றும் மாட்டிவிட்டேன். இரண்டு நாள் கழித்து, தஞ்சாவூர் ரயிலடியில் ஒரு உறவினரை ஏற்றிவிட்டு அதிகாலையில் திரும்பினேன். ஏறத்தாழ 35 கிலோமீட்டர். பனி இறங்கியிருந்தது, சம்பா வயல்களின் மேல் வெள்ளைத் துணி விரித்ததுபோல் நின்றது. வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியவுடன், ஏன் என்று எனக்கே சரியாகத் தெரியாமல், பானெட்டைத் திறந்து சென்சாரின் இணைப்பைக் கழற்றி மல்டிமீட்டரை வைத்தேன். 840 ஓம். முக்கால் மணி நேரத்துக்கு மேல் நெடுஞ்சாலையில் ஓடி வந்த என்ஜினின் தண்ணீர் 50 பாகையைக்கூடத் தொடவில்லை. சென்சார் பொய் சொல்கிறது என்று நான் நினைத்திருந்தேன். அது கணினிக்குச் சொன்னது முழு உண்மை. என்ஜின் நிஜமாகவே குளிர்ந்திருந்தது. குளிர்ந்த என்ஜினுக்குக் கொடுக்க வேண்டிய அளவைத்தான் கணினி கொடுத்தது. ஐடிலிங், அதாவது நிற்கும்போது என்ஜின் சுற்றும் வேகம், நிமிடத்துக்கு 850 சுற்றில் நிற்க வேண்டியது 1,200-க்கு அருகில் நின்றதும் அதனால்தான். குளிர்ந்த என்ஜினைத் தாங்கிப் பிடிக்கும் வேகம் அது.

வாசலில் நின்று இதைச் சித்தப்பாவிடம் சொன்னேன். அவர் கார் ஓட்டியதில்லை. ஆனால் மேட்டூர் திறக்கத் தாமதமாகும் ஆண்டுகளிலெல்லாம் நாற்றங்காலை பில்டர் பாயிண்ட் என்னும் ஆழம் குறைந்த குழாய்க் கிணற்றின் தண்ணீரால் காப்பாற்றியவர். ஆயில் என்ஜினோடு 40 ஆண்டு பழக்கம். பம்ப் இறைக்கும் தண்ணீரில் ஒரு சிறு பகுதியை என்ஜினைக் குளிர்விக்க அனுப்பும் குழாயில் ஒரு திருகு வைத்திருப்பார். என்ஜினிலிருந்து வெளியே விழும் தண்ணீரில் கையை வைத்துப் பார்த்துப் பார்த்து அந்தத் திருகைச் சரிசெய்வார். கை பொறுக்காமல் சுட்டால் கொஞ்சம் திறப்பார். வெதுவெதுப்பாக இருந்தால் மூடுவார். நான் சொன்னதைக் கேட்டதும், 'பச்சைத் தண்ணியா ஓடுனா இஞ்சின் பொகைதாம்ப்பா விடும். திருகு எங்க இருக்குன்னு பாரு' என்றார். காரில் அந்தத் திருகுக்குப் பெயர் தெர்மோஸ்டாட். உள்ளே இருக்கும் மெழுகு, தண்ணீர் 82 பாகைக்கு வரும்வரை உருகாமல் வழியை அடைத்து நிற்கும். அதுவரை தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் என்ஜினுக்குள்ளேயே சுற்றும். வந்த பிறகு மெழுகு உருகி விரிந்து வழியைத் திறக்கும். வாய்க்கால் தலைப்பில் மதகு நிற்பதுபோல அது நிற்கிறது.

மறுநாள் காலை, என்ஜின் ஆறிக் கிடந்தபோது கிளப்பிவிட்டு ரேடியேட்டருக்குப் போகும் மேல் குழாயில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். மதகு மூடியிருந்தால் அந்தக் குழாய் சில நிமிடங்கள் குளிர்ந்தே இருந்து, பிறகு சட்டென்று சுட வேண்டும். இங்கே முதல் நிமிடத்திலிருந்தே மெல்ல மெல்ல வெதுவெதுப்பு ஏறியது. என்ஜினை அணைத்துத் தெர்மோஸ்டாட் மூடியின் இரு போல்ட்டுகளையும் கழற்றினேன். உள்ளே கேஸ்கெட் இருந்தது. தெர்மோஸ்டாட் இல்லை.

நீடாமங்கலம் கேட்

அப்பாவிடம் கேட்டபோது அவருக்குத் தயக்கமே இல்லை. 'அதைத்தான் அப்பவே எடுத்தாச்சே' என்றார். அந்த 'அப்பவே' எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த கதை. 2010-ஆம் ஆண்டு மே மாதம், மன்னார்குடியில் ஒரு கல்யாணத்துக்குப் போகும் வழியில் நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டார்கள். அந்த கேட்டில் நின்றவர்களுக்கு அந்த நிற்றல் எப்படி என்று சொல்ல வேண்டியதில்லை. ஏசி ஓடிக்கொண்டிருந்தது. முள் சிவப்புக்குப் போய், பானெட்டிலிருந்து ஆவி எழுந்து, அம்மா பட்டுப்புடவையோடு வெயிலில் இறங்கி நின்றது வரை நூறு முறை கேட்டிருக்கிறேன். பக்கத்துப் பட்டறை ஒன்றில் தண்ணீர் ஊற்றி, மூடியைத் திறந்து, தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கி எறிந்துவிட்டு, நம் ஊர் வெயிலுக்கு இது தேவையே இல்லை, குளிர்நாட்டுக்காரன் வைத்தது என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அன்றிலிருந்து வண்டிக்குச் சூடு ஏறவில்லை. அன்றிலிருந்து அப்பா ரயில்வே கேட் எங்கே வந்தாலும் என்ஜினை அணைத்துவிடுவார். ஏசி அதற்கடுத்த ஆண்டு பழுதாகி, சரிசெய்யாமலே விட்டாயிற்று.

நம் ஊர் வெயிலுக்குத் தேவையில்லை என்பதை நான் எத்தனையோ பட்டறைகளில் கேட்டிருக்கிறேன். கேட்கும்போது நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் தஞ்சாவூரின் கத்திரி வெயில் 40 பாகை. என்ஜின் கேட்பது 80-க்கு மேல். நம் கோடையின் உச்சம்கூட அதற்குப் பாதிதான். மார்கழி விடியலில் 21 பாகைக்கு இறங்கும் ஊரில், காற்றை எதிர்த்து ஓடும் ரேடியேட்டர் வழியாகத் தண்ணீர் முழுவதும் இடைவிடாமல் சுற்றினால் என்ஜின் எப்படிச் சூடாகும்? எங்கள் வண்டியின் வியாதி மார்கழியிலும் தையிலும் முற்றி, சித்திரையில் தணிந்ததை நான் கவனித்திருந்தேன். கவனித்ததைப் பெட்ரோல் பங்க்கின் தரத்தோடும் என் பாதத்தின் கனத்தோடும் முடிச்சுப் போட்டிருந்தேனே தவிர, காலநிலையோடு சேர்த்துப் பார்க்கவில்லை. 2019-இல் பதிவைப் புதுப்பித்தபோது புகைச் சோதனையில் வண்டி தேறியதற்கும் விளக்கம் இப்போதுதான் கிடைத்தது. அது வைகாசி மாதத்து நடுப்பகல். வரிசையில் என்ஜினை அணைக்காமல் வெகுநேரம் நின்றிருந்தோம்.

புதுத் தெர்மோஸ்டாட் சில நூறு ரூபாய்தான். மாட்டிவிட்டால் கதை முடிந்தது என்று நினைத்தேன். மாட்டுவதற்கு முன் சித்தப்பாவின் ஒரு கேள்விக்கு என்னிடம் பதில் இல்லாமல் போனது: அது கெட்டதால்தான் அன்று எடுத்தார்களா? இந்தக் கேள்வியை 13 ஆண்டுகளில் நாங்கள் யாரும் கேட்டதில்லை. மூடிய நிலையில் சிக்கிக்கொண்ட தெர்மோஸ்டாட் என்றால் வண்டி சாலையில் ஓடும்போதே கொதித்திருக்க வேண்டும். வலங்கைமான் தாண்டி, அவ்வளவு தூரம் மே மாத வெயிலில் ஒன்றும் ஆகாமல் வந்த வண்டி, கேட்டில் நின்ற பிறகுதான் கொதித்திருக்கிறது. ஓடும் வண்டியின் ரேடியேட்டருக்குக் காற்று தானாகக் கிடைக்கும். நிற்கும் வண்டிக்குப் பேன்தான் காற்று. நூறு முறை கேட்ட கதையில், ஆவியும் பட்டுப்புடவையும் வந்த அதே வாக்கியத்தில், நோயின் பெயரும் இருந்திருக்கிறது.

தெர்மோஸ்டாட்டை மாட்டி, குழாய்த் தண்ணீருக்குப் பதிலாகக் கூலன்ட் ஊற்றி, வாசலில் என்ஜினை ஓடவிட்டு நின்றேன். மேல் குழாய் குளிர்ந்தே இருந்து பின் ஒரேயடியாகச் சுட்டது. முள் நான் மறந்தே போயிருந்த நடுக்கோட்டுக்கு வந்தது. அப்பா திண்ணையிலிருந்து எழுந்து வந்து, 'ஏறுதே, ஏறுதே, அணைச்சுடு' என்றார். நடுக்கோட்டைத் தாண்டி மேலே போகத் தொடங்கியபோது நான் அணைத்தேன். பேன் ஓடவில்லை. மோட்டாருக்கு பேட்டரியிலிருந்து நேராகக் கம்பி கொடுத்துப் பார்த்தால் சுற்றியது. பேனுக்கு மின்சாரம் விடும் ரிலேயின் அடிப்பகுதியில் ஒரு முனை கறுத்து, பச்சைப் பூஞ்சைபோல அரித்துப் போயிருந்தது. அது 2010-இலேயே போயிருக்க வேண்டும். சூடே ஏறாத வண்டியில் பேனைத் தேட வேண்டிய அவசியம் யாருக்கும் வரவில்லை. அந்த முனையை வெட்டிப் புதிதாக வைக்கவும் ரிலேயை மாற்றவும் ஒரு முற்பகல் ஆனது. ஒரு கேட்டில் நின்றதற்கு அந்த முற்பகல் வேலையைச் செய்திருந்தால் போதும். செய்யாமல் விட்டதன் விலையைப் பெட்ரோலாகவும் பிளக்காகவும் சென்சாராகவும் வளையங்களின் தேய்மானமாகவும் கட்டியிருக்கிறோம். அந்தப் பட்டறைக்காரர் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் கல்யாணத்துக்குப் போகிற அவசரத்தில், வெயிலில் நிற்கும் குடும்பத்தை அனுப்பிவைக்க வேண்டியவருக்கு அன்று கைக்கு எட்டியது அதுதான். பிறகு வந்த ஆண்டுகளில் அதைத் திரும்பப் பார்க்காதது எங்கள் தவறு.

ஆயிலை வடித்தபோது, மூன்று லிட்டர் பிடிக்கும் என்ஜினிலிருந்து ஏறத்தாழ மூன்றரை லிட்டர் விழுந்தது. கறுப்புத் தண்ணீர்போல ஓடியது. விரலில் தொட்டால் வழவழப்பே இல்லை. புது ஆயில் ஊற்றி, நான்கு பிளக்குகளையும் துடைத்து மாட்டி, தஞ்சாவூர் வரை ஒருமுறை போய்வந்த பிறகு கும்பகோணத்துப் பையனிடம் கொண்டுபோனேன். 0.3 வந்தது. அவன் என்னை நினைவு வைத்திருக்கவில்லை. பிளக்குகளை இரண்டு வாரம் கழித்துக் கழற்றியபோது முனைகள் வெளிறிய பழுப்பாக, சுட்ட செங்கல் பொடி தூவியதுபோல் இருந்தன. மைலேஜ் 15-ஐ ஒட்டி வருகிறது. சிலிண்டர் தேய்மானம் இருந்தால் அது போனது போனதுதான். அதைத் திருப்ப வழியில்லை.

அப்பாவுக்கு இன்னும் பழக்கமாகவில்லை. நீடாமங்கலம் கேட்டில் போன மாதம் நின்றோம். அவர் கை வழக்கம்போலச் சாவிக்குப் போனது, வேண்டாம் என்றேன். முள் நடுக்கோட்டில் நின்றது. சிறிது நேரத்தில் பேன் இரையத் தொடங்கியதும் அவர் திடுக்கிட்டு, பக்கத்தில் வேறெந்த வண்டியோ என்று கண்ணாடியை இறக்கி எட்டிப் பார்த்தார். ஒரு நிமிடம் போல ஓடி, அது தானாக நின்றது. ரயில் இன்னும் வரவில்லை. அவர் மீட்டர் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார்.